காசு அச்சடித்ததும் டக்ளஸ் கணக்கும்

வணக்கம் அண்ணா,
வெகுசனவாதம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2020க்குப் பிறகு நமது இலங்கை மத்திய வங்கி காசை அச்சடித்துத் தள்ளியதும், முன்பு கனடாவில் பேசப்பட்ட ‘சோஷல் கிரெடிட்’டும் ஒன்றுதானே? இரண்டும் சனத்துக்கு இனாம் கொடுக்கிற கதைதானே? பழைய அரிசிக் கூப்பனையும் இதில் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சீனாவிலும் ‘சோஷல் கிரெடிட்’ என்று ஒன்று பேசப்படுகிறதே, அதற்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. நீங்கள் கேட்பது மேஜர் டக்ளஸின் கொள்கை. (நமக்குத் தெரிந்த அரசியல்வாதி டக்ளஸ் தேவானந்தா அல்ல. இவர் பிரித்தானியப் பொறியியலாளர். முதலாம் உலகப்போரின்போது ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் கணக்கு வழக்கைப் பார்த்தவர்.)

அவர் சொன்னதை உங்கள் தெருமுனை பேக்கரியில் வைத்துப் பாருங்கள். ஒரு றாத்தல் பாணின் விலையில் பாண் போடுகிறவரின் சம்பளம் இருக்கிறது. அது சனத்தின் கைக்குப் போகிற காசு. மா, கரண்ட் பில், வங்கி வட்டி எல்லாமும் அதே விலைக்குள் இருக்கின்றன. அவை வேறு நிறுவனங்களுக்குப் போகின்றன. ஆகவே எல்லாச் சம்பளத்தையும் கூட்டினாலும் எல்லாப் பொருளையும் வாங்கக் காணாது என்றார். குறைகிற காசை வரி போடாமல் அரசே புதிதாக உருவாக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று ‘தேசியப் பங்கிலாபமாக’ கொடுக்க வேண்டும். கூடவே விலையையும் இறக்க வேண்டும் என்பது அவர் யோசனை.

மா ஆலைக்குப் போன காசும் அங்கே ஒருவரின் சம்பளம்தானே என்று கேட்பீர்கள். அது எப்போதோ செலவழிந்துபோன சம்பளம் என்பார்கள் டக்ளஸின் ஆட்கள். நாளைய மாவுக்கு இன்றைக்கும் அங்கே சம்பளம் கொடுக்கிறார்களே! எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனாலும் மனுசன் கணக்கைத் தாளில் போட்டு வைத்தார். பிழை பிடிக்க முடிகிறது.

வெகுசனவாதிக்கு அந்தத் தாள் கட்டாயமில்லை. நல்ல சனம், அவர்களை ஏய்க்கிற மேல்தட்டு என்று இரண்டு பக்கம் இருந்தால் போதும். 1892இல் அமெரிக்காவின் மக்கள் கட்சி அதை வைத்து ரயில்வேயை அரசுடைமையாக்கக் கேட்டது. இங்கே 2019 டிசம்பரில் வற் வரி 15இலிருந்து 8 வீதமாக இறங்கியது. திறைசேரியில் விழுந்த பள்ளத்தை நிரப்பவே மத்திய வங்கி காசை அச்சடித்து, அரசின் குறுங்காலக் கடன்பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்தது. பங்கிலாபம் என்று உங்களுக்கோ எனக்கோ ஐந்து சதம் வரவில்லை. வந்தது, 2022 செப்டெம்பரில் கொழும்பில் 69.8 வீதப் பணவீக்கம்.

அரிசிக் கூப்பன் வேறு. அது திறைசேரிப் பணத்தில் கொடுத்த மானியம். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதும் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970இல் சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்து கொண்டுவருவேன் என்றார் சிறிமாவோ. அந்த வாக்குறுதிதான் அசல் வெகுசனவாதம்.

டக்ளஸின் கொள்கையும் வெகுசனவாதமும் கைகோத்த இடம் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம். 1935இல் வில்லியம் ஏபர்ஹார்ட் என்ற வானொலிப் பிரசங்கியார் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் என்று சொல்லி, 63 ஆசனங்களில் 56ஐ அள்ளினார். மறுவருடம் ஒருவகைக் காசுத்தாள் வெளியிட்டார். செல்லுபடியாக வேண்டுமென்றால் பின்பக்கத்தில் வாராவாரம் ஒரு சத முத்திரை ஒட்ட வேண்டும். பல கடைக்காரர்கள் அதைத் தொடவே மறுத்தார்கள். வங்கிகளைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டங்களும் மத்திய அரசிடமும் நீதிமன்றத்திலும் அடிபட்டுப் போயின. அந்த மாதம் 25 டொலர் கடைசிவரை வரவில்லை. கட்சி மட்டும் 1971 வரை ஆண்டது.