முடி கொட்டுகிறது, பாதி சுருட்டை பாதி நேர்: இப்போது என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் கணவரைப் பிரிந்தேன். அடுத்த மாதமே மகளோடு வேறு ஊருக்குக் குடிவந்து புது வேலையில் சேர்ந்தேன். ஆறு வாரமாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. எட்டு வருடம் பார்லரில் ஸ்ட்ரெயிட்னிங் செய்துவந்தேன். கடைசியாகச் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. வேரில் சுருட்டையும் நுனியில் நேருமாக, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது. மறுபடியும் ஸ்ட்ரெயிட்னிங் செய்யட்டுமா, இல்லை மொத்தமாக வெட்டிவிடட்டுமா? பயோட்டின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடலாமா? தலைக்கு என்று வாரத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாத நிலை. சொட்டை விழுந்துவிடுமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது சொட்டையாக முடியும் வகையாகத் தெரியவில்லை. முடி கொட்டத் தொடங்கிய நேரத்தைக் கவனியுங்கள். பிரிந்தபோது கொட்டவில்லை. வீடு மாறியபோதும் கொட்டவில்லை. எல்லாம் ஓரளவு அடங்கி, நீங்கள் மூச்சுவிடத் தொடங்கிய பிறகுதான் கொட்டுகிறது. இதில்தான் விடை இருக்கிறது.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் வேர்க்காலில் சும்மா உட்கார்ந்திருந்து, அதன் பின் உதிரும். சாதாரணமாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முடிதான் இந்த ஓய்வு நிலையில் இருக்கும். உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அதிர்ச்சி வரும்போது, இன்னும் வளர வேண்டிய முடிகளும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை உதிர்வதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்று குளியலறையில் நீங்கள் பார்த்துப் பயப்படும் முடி, அந்தப் பழைய வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட முடி. இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1961-இல் இதைத் தனி நிலையாக விவரித்தார். பிரசவம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, வேகமாக எடை குறைதல், நெருங்கியவரின் மரணம் என்று எதற்குப் பிறகும் இது வரலாம். இதில் வேர்க்கால் சாவதில்லை. காரணம் விலகிவிட்டால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்றுவிடும்.

என்னிடம் வரும் பெண்களில் பலர், உதிர்ந்த முடியை ஒரு கவரில் போட்டு எடுத்துவருவார்கள். கொஞ்சம் கூச்சத்தோடுதான் நீட்டுவார்கள். நான் அதை வாங்கி விளக்கடியில் பிரித்துப் பார்ப்பேன், ஏனென்றால் அந்த முடியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இதை நீங்களும் செய்யலாம். உதிர்ந்ததில் பத்து முடியை எடுத்து ஒரு கறுப்புத் துணியில் வையுங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறியதாக வெள்ளைப் புள்ளி மாதிரி ஒரு முடிச்சு இருந்தால், அது வேரோடு உதிர்ந்த முடி, ஓய்வுக்காலம் முடிந்து விழுந்தது. அந்த முடிச்சைப் பார்த்து, வேரே போய்விட்டது என்று பதறுகிறவர்கள் நிறைய. அது வேர்க்கால் அல்ல, முடியின் அடிமுனை மட்டுமே. வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. முடிச்சு இல்லாமல், குட்டையாக, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் அது நடுவில் முறிந்த முடி. உங்கள் தலையில் இரண்டுமே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டுக்கும் காரணம் வேறு, கவனிப்பும் வேறு.

எண்ணிக்கையிலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. சுருட்டை முடிக்காரர்களுக்கு உதிர்ந்த முடி கீழே விழாமல் மற்ற முடியோடு சுருண்டு நின்றுவிடும், தலைக்குக் குளிக்கும் நாளில்தான் மொத்தமாக வெளியே வரும். நான்கு நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்று 300 முடி கையோடு வந்தாலும் அது இயல்புக் கணக்குக்குள்தான். ஆறு வாரத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முக்கியம். கொட்டுகிறதே என்று பயந்து தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விழ வேண்டியது விழத்தான் செய்யும். அழுக்கும் பொடுகும் சேர்ந்தால் அரிப்புதான் மிச்சம்.

எல்லாப் பழியையும் மனக்கவலை மேல் போடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. வாழ்க்கை புரளும்போது கூடவே வேறு பலதும் புரண்டிருக்கும். சாப்பாட்டைத் தவிர்த்திருப்பீர்கள், எடை இறங்கியிருக்கும், மாதவிலக்கு அதிகமாகப் போயிருக்கும், கருத்தடை மாத்திரையை நிறுத்தியிருக்கக்கூடும். அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பு அளவு, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருப்பதைப் பெண்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். அதைச் சரிசெய்ய எந்த ஷாம்புவாலும் முடியாது.

பயோட்டின் மாத்திரையை இப்போதைக்கு அலமாரியிலேயே வைத்திருங்கள். பயோட்டின் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பலன் தரும், ஆனால் அந்தக் குறைபாடு அரிது. அதோடு, அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவு தவறாக வரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. ஏற்கெனவே விழுங்கத் தொடங்கியிருந்தால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வட்டமாக நாணய அளவில் முடி போயிருந்தால், வகிடு மட்டும் அகன்றுகொண்டே வந்தால், தலைத்தோலில் எரிச்சல், வலி, செதில், சீழ் ஏதாவது இருந்தால், ஆறு மாதம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டால், தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். அவை வேறு நோய்கள், சிலவற்றில் காலம் கடத்தினால் முடி திரும்பாது.

இனி அந்த இரண்டு விதமான முடிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுவது இதைப் பற்றித்தான்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒன்பது மாதத்தில் ஒன்பது பத்து சென்டிமீட்டர் உங்கள் சொந்த முடி வந்துவிட்டது. சுருண்டு நிற்பதால் கண்ணுக்கு அதில் பாதிதான் தெரியும். நனைந்த ஒரு இழையை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிட எவ்வளவு நீளம் என்று ஆச்சரியப்படுவீர்கள். ஸ்ட்ரெயிட்னிங் என்பது முடிக்குள் இருக்கும் டைசல்ஃபைடு என்ற உறுதியான பிணைப்புகளை ரசாயனத்தால் உடைப்பது. உடைந்த பகுதி பழையபடி சுருளாது. எந்த கிரீமும் எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. புதிதாக வளர்வது மட்டுமே சுருட்டையாக வரும். இந்தப் புது முடியும் பழைய முடியும் சந்திக்கும் இடம்தான் முழு நீளத்திலும் பலவீனமான இடம். சீப்பு அங்கே சிக்கும், ரப்பர் பேண்டு அங்கே அழுத்தும், முடி அங்கேயே முறியும். நீங்கள் பார்க்கும் குட்டை முடிகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையாக இருக்கும்.

சுருட்டை முடி முரட்டு முடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மென்மையானது. இழையை குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் மேலுறை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும், சுருளில் அப்படி இறங்க முடியாது. வேர்ப்பக்கம் பிசுக்கும் நுனிப்பக்கம் வறட்சியுமாக இருப்பது அதனால்தான். எட்டு வருடமாக இந்த முடியோடு பழகாமல் இருந்துவிட்டு, வாழ்க்கையின் மிகக் கடினமான வருடத்தில் அதைப் புதிதாகச் சந்திக்கிறீர்கள். அதனால் திணறுகிறீர்கள். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

மறுபடி ஸ்ட்ரெயிட்னிங் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே ரசாயனம் பட்ட முடியில் மறுபடி பட்டால் முறிவு கூடும், கொட்டுகிற நேரத்தில் அது இரட்டை அடி. 'கெரட்டின்' என்ற பெயரில் செய்யும் சிலவற்றில் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கப்படும் சில கிரீம்களில் அதற்குப் பதிலாக கிளைஆக்ஸிலிக் அமிலம் இருக்கும். அத்தகைய கிரீமை மூன்று முறை பூசிக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. அலுவலகத்துக்கு நேராக இருந்தே ஆக வேண்டும் என்ற நாள் வந்தால், முழுக்கக் காய்ந்த முடியில், அயர்னை 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றாமல், ஒரு பகுதிக்கு ஒரே இழுப்பு. ஈரமுடியில் சூடு வைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் கொதித்து இழைக்குள் குமிழ் விடும், அந்த இடத்தில் முடி பட்டென்று ஒடியும்.

வெட்டுவது? நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலை எடுத்து, காலையில் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். வெட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் இந்த ஆறு மாதத்தில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏற்கெனவே ஏராளம். இதையும் இன்றே எடுக்க வேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து சென்டிமீட்டர் நேரான நுனியை எடுத்துக்கொண்டே வந்தால், நேரான பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து முழுச் சுருட்டை வந்துவிடும். வெட்டுபவரிடம் முடி காய்ந்திருக்கும்போது வெட்டச் சொல்லுங்கள். நனைந்தபோது அளந்து வெட்டினால் காய்ந்ததும் மேலேறி, நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும்.

புது ஊரின் தண்ணீரையும் கவனியுங்கள். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விழுந்தால் அது உப்புத் தண்ணீர். அதனால் வேரோடு முடி கொட்டுவதில்லை, ஆனால் கால்சியம் படிந்து இழை சொரசொரப்பாகி, சிக்கு கூடி, முறிவு அதிகமாகும். மாதம் ஒருமுறை ஈ.டி.டி.ஏ. சேர்ந்த, படிவத்தை நீக்கும் ஷாம்பு போட்டால் போதும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் இல்லை என்கிறீர்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன், நடுவிலிருந்து நுனிவரை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைப்பதாக 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெய் ஊறும் நேரத்தில் மகளின் புத்தகப்பையை அடுக்கலாம், மறுநாள் துணியை எடுத்து வைக்கலாம். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும், நுரை வழிந்து நுனிக்கு வருவதே போதும். கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது தலையில் இருக்கும்போதே பல் அகலமான சீப்பால் சிக்கெடுங்கள். நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி இறங்கியதும் ஒரு சாண் மேலே, பிறகு இன்னொரு சாண். இரண்டு வகை முடியும் சேரும் இடத்துக்கு வந்ததும், அதற்கு மேலே முடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே சீவுங்கள், இழுவை வேருக்குப் போகாது. காய்ந்த சுருட்டையில் சீப்பே போடாதீர்கள். துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் அமுக்கி ஈரத்தை எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே நான்கைந்து தளர்ந்த பின்னல் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் அவிழ்க்கும்போது வேரும் நுனியும் ஒரே அலையாகத் தெரியும். உங்கள் கூச்சத்துக்கு இந்த ஒரு வழியே பெரும்பாலும் போதும். இறுக்கமான கொண்டை மட்டும் வேண்டாம், நெற்றியோர முடி அந்த இழுப்பில் நிரந்தரமாகவே போகலாம்.

ஒன்று செய்துபாருங்கள். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே வகிட்டோடு, உச்சந்தலையையும் நெற்றியோரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் பயம்தான் தெரியும். மூன்றாவது நான்காவது படத்தில், நெற்றியோரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நுனி மெல்லிய குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்பது தெரியும். முறிந்தவை என்று நினைத்து அவற்றை ஜெல் போட்டுப் படியவைத்து மறைக்காதீர்கள், அவை புதிதாக முளைத்தவை.