14 வயதாகியும் மீசை அரும்பவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு. குரல் உடையவில்லை, மீசையும் அரும்பவில்லை. பிரேயரில் உயர வரிசைப்படி நிற்கும்போது எப்போதும் அவன்தான் முதல் ஆள். சொந்தக்காரர்கள் லேகியம் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா. பருவ மாற்றம் தொடங்காமல் 14 வயது தாண்டினால் பரிசோதித்துப் பார்ப்பதுதான் முறை. ஆனால் மீசையை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பையன்களுக்கு முதலில் வளர்வது விரைகள்தான். குரல் உடைவது, மீசை முளைப்பது எல்லாம் அப்புறம் வருபவை. எங்களிடம் ஒரு மணிச்சரம் இருக்கும். சிறிதிலிருந்து பெரிதாக 12 முட்டை வடிவ மணிகள். ஒவ்வொன்றிலும் மில்லிலிட்டர் அளவு எழுதியிருக்கும். விரையைத் தொட்டுப் பார்த்து, எந்த மணியோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். 4 மில்லியை எட்டியிருந்தால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெளியே ஒன்றுமே தெரியாத பையனுக்குக்கூட இது தொடங்கியிருக்கலாம்.

அடுத்து, உங்கள் கணவரிடம் கேளுங்கள். ப்ளஸ் டூ வரை குள்ளமாக இருந்துவிட்டு, காலேஜ் போனபின் மளமளவென்று வளர்ந்தவரா? நீங்களே தாமதமாக வயதுக்கு வந்தவரா? பையன்களுக்குப் பருவம் தள்ளிப்போக மிகப் பொதுவான காரணம் இதுதான். பெரும்பாலும் குடும்பத்தில் வருவது, நோய் இல்லை. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். 14 வயதுப் பையனுக்கு எலும்பு 12 வயதைக் காட்டினால், வளர இன்னும் காலம் இருக்கிறது என்று நிம்மதியாகச் சொல்வேன்.

சில விஷயங்கள் இருந்தால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். விரை கீழே இறங்காமல் இருப்பது, அடிக்கடி தலைவலி, பார்வை மங்கல், எடை குறைவது, ஓயாத வயிற்றுப்போக்கு. இன்னொன்று, மல்லிப்பூ வாசமோ காபி மணமோ அவனுக்குத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிறவியிலேயே வாசனை தெரியாத பையன்களில் சிலருக்கு, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனே சுரக்காமல் இருக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் காலை வேளையில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், விரைகளைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள், தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் வளர்ச்சியும் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். பையன் மனம் உடைந்து போயிருந்தால், குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மாதம் ஒன்றாகச் சில மாதங்கள் போடுவதுண்டு. அளவு மிஞ்சினால் எலும்பின் வளர்முனை சீக்கிரம் மூடி, உயரமே குறைந்துவிடும். அதனால் இதை ஹார்மோன் சிகிச்சை தெரிந்த டாக்டர்தான் தர வேண்டும். லேகியம் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பா கூட வரட்டும். தனியாகப் பேச வேண்டும் என்று அவன் சொன்னால் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் பெரியம்மா பையனோடு முதுகை ஒட்டி நிறுத்தி உயரம் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அது அவனை எவ்வளவு குறுக வைக்கும்! கதவு நிலையில் வருடா வருடம் பென்சிலால் கோடு போட்டிருந்தால் அளந்து, தேதியோடு எழுதி எடுத்து வாருங்கள். வருடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.