நடை பழகும் பிள்ளையுடன் லங்காவிக்கு விமானத்தில் போகலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற குழந்தை நலத் தாதி ஒருவர் பதிலளிக்கிறார் – நவம்பர் 2021

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் மலேசியாவின் பகாவ் பட்டணத்தை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கடந்த ஆண்டு மார்ச்சில், கோவிட்-19 பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய அதே வாரத்தில் என் மகன் பிறந்தான். இப்போது அவனுக்கு ஒரு வயது எட்டு மாதம். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரைத் தவிர வேறு முகங்களை அவன் அதிகம் பார்த்ததில்லை. டிசம்பர் விடுமுறையில் என் கணவருடைய அண்ணன் தம்பிமார் எல்லாரும் லங்காவித் தீவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றுகூடத் திட்டமிட்டிருக்கிறார்கள். மொத்தம் பதினான்கு பேர். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கேஎல்ஐஏ2 முனையத்திலிருந்து விமானத்தில் போய்விடலாம் என்கிறார் கணவர். கோவிட் தடுப்பூசி போடாத பிள்ளையை அடைத்த விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்கிறார் மாமியார். காரில் போய் ஃபெரி ஏறுவது மேலா, அல்லது போகாமல் இருப்பதே மேலா?
– ஒரு தாய், பகாவ்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன செய்தியைத்தான் நான் முதலில் கவனித்தேன். பதினான்கு பேர், ஒரே வீடு. உங்கள் குடும்பத்தில் எல்லாரும் விமானத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு மணி நேரமே பறக்கும் அந்த விமானத்தைக் காட்டிலும், பல நாள் ஒன்றாக உண்டு, உறங்கி, முகக்கவரி இல்லாமல் பேசிச் சிரிக்கப்போகும் அந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஆயினும் உங்கள் மாமியாரின் அச்சம் அன்பிலிருந்து வருவது என்பதால், விமானத்துக்கே முதலில் விடை சொல்கிறேன்.

அது அடைத்த இடம்தான். ஆனால் அதன் காற்று தேங்கி நிற்பதில்லை. பறந்துகொண்டிருக்கும் ஜெட் விமானத்துக்குள் செலுத்தப்படும் காற்றில் ஏறக்குறையப் பாதி வெளியிலிருந்து எடுக்கப்படும் புதிய காற்று. மற்றப் பாதி, 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்து நிறுத்தும் ஹெப்பா வடிகட்டியின் வழியே சென்று திரும்பி வருவது. இவ்வாறு ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறுகிறது. மேலும், காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, ஏறக்குறைய அதே வரிசையின் காலடியிலேயே வெளியேறுவதால், முன் வரிசையில் இருப்பவரின் மூச்சு கடைசி வரிசை வரை பயணம் செய்வதில்லை. நம் ஊர்ப் பேரங்காடியோ குளிர்சாதனம் போட்ட உணவகமோ இந்த அளவுக்குக் காற்றை மாற்றுவதில்லை.

அதே வேளையில் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருமுபவரின் எச்சில் துளி உங்கள் பிள்ளையை அடைவதற்கு முன்பே எந்த வடிகட்டியும் அதைப் பிடித்துவிடாது. விமானம் வாயிலில் நிற்கும் நேரத்தில் காற்றோட்டம் குறைந்திருக்கக்கூடும். அந்த நேரத்தில்தான் எல்லாரும் நடைபாதையில் நெருக்கியடித்துக்கொண்டு பெட்டி ஏற்றுகிறார்கள். ஆகவே, கைக்குழந்தையோடு வருபவர்கள் முதலில் ஏறலாம் என்று அழைத்தால், கணவர் பைகளோடு முதலில் ஏறி இடத்தைத் தயார் செய்யட்டும். நீங்கள் பிள்ளையோடு வெளியே காற்றோட்டமான ஓரத்தில் காத்திருந்து கடைசியாக ஏறுங்கள். இறங்கும்போதும் அவசரம் வேண்டாம். கூட்டம் போன பின் எழுந்திருங்கள். ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நடைபாதையில் போய் வருபவர்களிடமிருந்து பிள்ளை சற்றுத் தள்ளி இருப்பான். வேடிக்கை பார்க்கவும் ஏதாவது கிடைக்கும். கொடுத்த வரிசையை விட்டு நீங்களாக மாறி உட்காராதீர்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கான கூடுதல் உயிர்வாயு முகமூடி எல்லா வரிசைகளிலும் எல்லாப் பக்கங்களிலும் இருப்பதில்லை.

இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு முகக்கவரி போடவே கூடாது. மூச்சுத் திணறினால் அதைக் கழற்றவோ, திணறுகிறது என்று சொல்லவோ அவனுக்குத் தெரியாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பொதுவாக முகக்கவரி அணியக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020-இல் வழிகாட்டின. அதற்கு மாற்றாகத் தள்ளுவண்டியின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடுவதும், முகத்தின் மீது துணியைப் போர்த்துவதும் தொற்றைவிடப் பெரிய ஆபத்தை உடனே உண்டாக்கிவிடும். பிள்ளைக்குப் பாதுகாப்பு நீங்களும் கணவரும் மூக்கை மூடி ஒழுங்காக அணிந்திருக்கும் முகக்கவரிதான். அவனை மார்போடு சாய்த்துக் கட்டிக்கொள்ளும் பையில் வைத்துக்கொண்டால், நிலையத்தில் காத்திருக்கும் நேரம் முழுவதும் அவன் கண்டதைத் தொட்டு வாயில் வைப்பதும் குறையும். கிருமிநாசினிப் புட்டியை அவன் கைக்கு எட்டவிடாதீர்கள். அது சாராயச் சத்து நிறைந்தது. சவர்க்காரமும் தண்ணீரும் கிடைக்கும் இடத்தில் அவற்றாலேயே கையைக் கழுவிவிடுங்கள்.

காரில் போவதைக் கேட்டீர்கள். பகாவிலிருந்து கேஎல்ஐஏ2 இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம். லங்காவிக்கு ஃபெரி புறப்படும் கோலப் பெர்லிஸ் படகுத்துறையோ ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சொந்தக் காரில் வெளியார் மூச்சு இல்லை என்பது பெரிய நன்மைதான். ஆனால் வழியில் எத்தனை ஓய்விடங்களில் நிறுத்துவீர்கள், எத்தனை கழிப்பறைகள், எத்தனை உணவுக்கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு ஃபெரியின் அடைத்த குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். நெடுந்தூரக் களைப்போடு ஓட்டும் ஆபத்தையும் நான் இதில் சேர்த்தே எடைபோடுகிறேன். இந்தப் பயணத்துக்கு விமானமே மேல் என்பது என் தெளிவான கருத்து.

இனி அந்த வீடு. 2021 அக்டோபர் 11 முதல், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் காவல்துறை அனுமதி இல்லாமலே மாநில எல்லையைக் கடக்கலாம். அதற்கு முன்பே, செப்டம்பர் 16-இல், லங்காவி உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. சட்டம் இப்போது தடுக்கவில்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பதும் உங்கள் மகனுக்கு ஏற்றதாக இருப்பதும் வேறு வேறு. 2021 நவம்பர் நிலவரப்படி அவன் வயதுக்குக் கோவிட் தடுப்பூசி இல்லாததால், அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் தடுப்பூசிதான் அவனுக்கு வேலி. ஆகவே வெட்கப்படாமல் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்: பதினான்கு பேரில் பெரியவர்கள் அனைவரும், பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளும், இரண்டு ஊசிகளும் போட்டு 14 நாள் கடந்துவிட்டார்களா? தாத்தா பாட்டிக்கு ஊக்கத் தடுப்பூசிக்கான அழைப்பு அரசாங்கத்தின் மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் வந்திருந்தால், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே அதைப் போட்டுக்கொண்டார்களா? போடாத ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், அந்த வீட்டில் அவரோடு தங்குவதை இந்த முறை தவிர்த்துவிடுங்கள். நம் குடும்பங்களில் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். மருமகளாகிய உங்கள் வாயிலிருந்து வருவதைவிட, உங்கள் கணவர் தம் அண்ணன் தம்பிமாரிடம் நேரடியாகப் பேசுவதே முறை.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வரலாம். எனவே புறப்படும் நாள் காலையில் ஒவ்வொரு குடும்பமும் தத்தம் வீட்டிலேயே ஆர்டிகே என்னும் விரைவுக் கருவியால் சுயபரிசோதனை செய்யட்டும். லங்காவிக்குப் போன மூன்றாம் நாள் இன்னொரு முறை செய்யட்டும். ஒரு பரிசோதனைக் கருவியின் சில்லறை விலை 19 வெள்ளி 90 காசுக்கு மேல் போகக் கூடாது என்று 2021 செப்டம்பரில் அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது. பெரிய குடும்பத்துக்கு அதுவும் செலவுதான். வாடகை வீட்டுச் செலவோடு அதையும் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தொண்டை கரகரத்தாலும் அந்தக் குடும்பம் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பயணச்சீட்டுப் பணம் போகுமே என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருபவரால்தான் குடும்பம் முழுவதும் படுக்கிறது. 2021 விதிப்படி, தொற்று உறுதியானவர் 10 நாள் தனிமையில் இருக்க வேண்டியிருக்கும். லங்காவியில் அப்படி மாட்டிக்கொண்டால் வீட்டு வாடகை, வேலையிடத்து விடுப்பு, பிள்ளையின் பால்மாவு எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறதா என்பதையும் இப்போதே பேசுங்கள்.

வீட்டில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் கிழக்குக் கரையில் பருவமழை கொட்டும் காலத்தில் லங்காவியில் மழை குறைவு என்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பகல் முழுவதும் வெளியில் கழிக்கலாம். காலை நேரத்துக் கடற்கரை பிள்ளைக்கு மிகவும் நல்லது. கூட்டம் நெருக்கும் உள்ளரங்கக் காட்சியகங்களை அவன் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்க்கலாம். சித்தப்பா பெரியப்பாமார் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை என்பதால் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி முத்தமிட விரும்புவார்கள். முதல் நாள் அவன் உங்கள் மடியிலிருந்தே எல்லாரையும் பார்க்கட்டும். தொற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் பார்த்திராத பிள்ளை மிரண்டு போவான். இன்றிலிருந்தே காணொளி அழைப்பில் அந்த முகங்களை அவனுக்குக் காட்டிப் பழக்குங்கள்.

இன்னொன்று. 18 மாதத்தில் போட வேண்டிய வழக்கமான ஊக்கத் தடுப்பூசி அவனுக்குப் போடப்பட்டுவிட்டதா என்று சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் காலத்தில் கிளினிக்குக்குப் போக அஞ்சித் தவறவிட்டிருந்தால், பயணத்துக்கு முன்பே கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். கக்குவானும் தட்டம்மையும் பெருந்தொற்றுக்காக ஒதுங்கி நிற்பதில்லை.

பிள்ளைக்கு இதயக் கோளாறோ நெடுநாள் நெஞ்சுச் சளியோ இருந்தால், அல்லது அந்தப் பதினான்கு பேரிடமிருந்து நேரான பதில் கிடைக்காவிட்டால், இந்த முறை போக வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால், போய் வாருங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. மகள் குடும்பத்தோடு நானும் விமானத்தில் போகிறேன். காது வலித்து அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று கவலையாக இருக்கிறது. சளி மருந்து கொஞ்சம் கொடுத்துத் தூங்க வைத்துவிடலாமா?
– ஒரு பாட்டி, ரொம்பின்

பதில்: வேண்டாம் அம்மா, இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். தூக்கம் வரச் செய்யும் சளி மருந்துகளில் சிலவற்றில் புரோமெத்தசின் இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது மூச்சையே அடக்கிவிடக்கூடும். தோட்டத்துப் பழக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கிறோம் என்பது அதைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது.

விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடுவதால் செவிப்பறை உட்புறமாக அழுந்தி வலிக்கிறது. விழுங்கும்போது தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தரையிறங்க ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும்போதே கீழிறங்கத் தொடங்கிவிடுவார்கள். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தால் அப்போது எழுப்பி, தாய்ப்பாலோ புட்டிப் பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு விடலாம். காய்ச்சலோ காதுவலியோ இருந்தால் பறக்கவே வேண்டாம். அழுதால் அழட்டும் அம்மா. அழுகையின்போது விழுங்குவதும் காதைத் திறக்கத்தான் உதவுகிறது. முகம் சுளிப்பவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் கோத்தா கினபாலுவுக்குப் போய் வருகிறோம். மகளுக்கு அங்கே இருக்கும்போது இரண்டு வயது நிறைகிறது. திரும்பி வந்ததும் வழக்கம்போல் தோட்டத்து ஆயாவிடம் விடலாமா? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.
– ஒரு தந்தை, கோலப்பிலா

பதில்: முதலில் பயணச்சீட்டைச் சரிபாருங்கள். இரண்டு வயது நிறையாத பிள்ளைதான் மடியில் உட்காரலாம். திரும்பும் பயணத்துக்கு அவளுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளுக்கான அடையாள அட்டையான மைகிட்டையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மைசெஜாத்ராவில் அவளை உங்களைச் சார்ந்தவராகச் சேர்த்துவிடுங்கள்.

ஆயாவைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. பலர் அவரை நினைப்பதே இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்தாறு நாள்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடுகிறது, சிலருக்கு 14 நாள் வரை ஆகலாம். திரும்பிய பின் ஐந்து நாளாவது உங்களில் ஒருவர் விடுப்பு எடுத்துப் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நீங்கள் இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆயா வயதானவராக இருந்தால், அல்லது இனிப்புநீர் உள்ளவராக இருந்தால், ஒரு வாரமாக நீட்டுங்கள். போவதற்கு முன்பே அவரிடம் விவரத்தைச் சொல்லி, பிள்ளை வராத அந்த நாள்களுக்கான சம்பளத்தையும் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். பணத்துக்காக அவர் உங்கள் பிள்ளையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால், அவர் வீட்டுக்கு வரும் மற்றப் பிள்ளைகளும் அல்லவா அதே பாயில் படுத்துத் தூங்குகிறார்கள்.