வாசகர் கேள்வி – பதில்: வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பு

கேள்வி: டர்பனில் ஒரு கிடங்கில் கணக்கெழுத்தராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) தொலைக்கல்வியில் கணக்கியல் படிக்கிறேன். இந்த அரையாண்டில் நான்கு பாடம் எடுத்து இரண்டில் தோற்றுவிட்டேன். இனி எப்படிப் படிப்பது? – வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: நான்கு பாடம் என்பது உங்களுக்கு ஆகாத சுமை. தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. யூனிசா பாடம் பெரும்பாலும் 12 கிரெடிட், அதாவது 120 மணி. படிக்க 15 வாரம் கிடைப்பதாக வைத்தாலும் ஒரு பாடத்துக்கு வாரம் 8 மணி, நான்குக்கு 32 மணி ஆகிறது. முழுநேர வேலையும் வீடும் இருக்கும்போது அது நடக்காது. இரண்டே பாடம் எடுங்கள். பட்டத்தை முடிக்க உச்ச வரம்பு எத்தனை ஆண்டு என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பாடத்துக்கு வாரம் 16 மணி வேண்டும். வேலை நாளில் விடியற்காலை ஒன்றரை மணி, சனிக்கிழமை இரண்டு அமர்வாக 5 மணி, மீதி மூன்றரை மணி ஞாயிறு. இரவில் கணக்குப் போட வேண்டாம். களைத்த கண்ணுக்கு 54-உம் 45-உம் ஒன்றாகவே தெரியும்.

விடையைப் பார்த்துப் படிப்பதுதான் கணக்கியலில் பலரைக் கவிழ்க்கிறது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் கை ஓடாது. விடையை மூடிவிட்டுக் குறிப்பேட்டுப் பதிவிலிருந்து இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) வரை நீங்களே போடுங்கள். இருபுறமும் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 2-ஆல் வகுபட்டால் அந்தப் பாதித் தொகையைத் தேடுங்கள். பற்றில் வரவேண்டியது வரவில் விழுந்திருக்கலாம்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து படிப்பது நல்லது. ஆனால் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். அவரவர் பங்கை மட்டும்தான் கற்பார்கள். எல்லோரும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டுவந்து, ஒருவர் புத்தகம் பாராமல் விளக்க, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். ஒப்படைப்பை மட்டும் அவரவரே எழுத வேண்டும். ஒரே வாசகம் இரண்டு பேரிடம் இருந்தால் இருவருக்குமே ஆபத்து.

பண்டிகைகளையும் இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். இரண்டாம் அரையாண்டுத் தேர்வு அக்டோபர்–நவம்பரில். புரட்டாசி விரதமும் தீபாவளியும் அதை ஒட்டியே வரும். பலகாரத்தையும் விருந்தினரையும் அந்த ஆண்டு யார் பார்ப்பது என்று ஆகஸ்டிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். தேர்வு வாரத்தில் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

கேள்வி: ஓவர்டைம் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். படிப்புக்கு விடுப்பு கிடைக்குமா? – வாசகர், பீனிக்ஸ்

பதில்: 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வாரத்துக்கு 45 மணிதான் சாதாரண வேலை நேரம். நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஓவர்டைம். அதுவும் பொதுவாக வாரம் 10 மணிக்குள், ஒன்றரை மடங்குச் சம்பளத்தில். சட்டம் வைத்திருக்கும் வருமான வரம்புக்கு மேல் வாங்குபவருக்கு இது பொருந்தாது. வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஓவர்டைம் பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். படிப்பு விடுப்பு இந்தச் சட்டத்தில் இல்லை, நிறுவன விதியில் இருக்கலாம். இல்லாவிட்டால் (வார ஓய்வு நாளையும் சேர்த்து எண்ணும்) 21 நாள் ஆண்டு விடுப்பில் சிலவற்றைத் தேர்வுக்கு ஒதுக்குங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.