பிரஷர் குளிசையால் கால் வீங்குமா?

கிழக்கே திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது. கிளினிக்கில் அம்லோடிபைன் குளிசையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் கூட்டினார்கள். அதன்பின் பொழுதுபட்டால் இரண்டு கணுக்கால்களும் வீங்குகின்றன. யானைக்கால் என்கிறார் ஒருவர், சிறுநீரகம் பழுது என்கிறார் இன்னொருவர். பாமசியில் சலம் போகும் குளிசை வாங்கிக் கொடுக்கவா, பிரஷர் குளிசையை நிறுத்தவா?"

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். யானைக்கால் பயத்தை முதலில் விடுங்கள். நம் இலங்கையில் அந்நோய் மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களிலேயே இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

குளிசையின் அளவு கூடிய பிறகு இரு கால்களும் ஒன்றுபோல வீங்கினால், பெரும்பாலும் காரணம் அந்தக் குளிசைதான். அம்லோடிபைன் சிறு நாடிகளைத் தளர்த்தி விரிக்கிறது. நாளங்கள் அந்த அளவுக்கு விரிவதில்லை. இடையிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் தசைக்குள் கசிகிறது. நின்று வேலை செய்தாலும், திருகோணமலை வெயில் கொளுத்தினாலும் வீக்கம் கூடும். பெண்களுக்கு இது அதிகம். 5 மில்லிகிராமைவிட 10இல் அதிகம். உடம்பில் நீர் மிஞ்சி வந்த வீக்கமல்ல என்பதால் சலம் போகும் குளிசை இதற்கு அவ்வளவாக உதவாது. பொட்டாசியம் குறைவதும் தலைசுற்றுமே மிஞ்சும். அயலவர் சொன்னார் என்று இதை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். அளவைக் குறைக்கலாம், லோசார்டன் போன்ற வேறொரு பிரஷர் குளிசையைச் சேர்த்தால் பிரஷரும் அடங்கும், வீக்கமும் தணியும். வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்: அம்லோடிபைன் உடம்பிலிருந்து மெதுவாகவே கழிகிறது, ஆகவே ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு பிரஷர் சத்தமின்றி ஏறும்.

முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் எடுக்கிறாரா? அதுவும் பிரஷரையும் வீக்கத்தையும் கூட்டும். கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டட்டின் எடுத்தால், அம்லோடிபைனுடன் அது நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள்.

முகம் வீங்கினாலோ சலம் நுரைத்தாலோ சிறுநீரகப் பரிசோதனை தேவை. ஒரு கால் மட்டும் நோவோடு வீங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை உடனே அழையுங்கள்.