கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி நிர்வாகத்தில் எதை மாற்றியது? பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா?

என் மகள் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்வதானால், கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்றோருக்குக் கிடைத்தது, முடிவெடுக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டால் அதற்கு எதிர்பாராத பலம் இருக்கிறது.

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் இது. ஊடகங்களில் தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடம் மட்டும்தான் பேசப்படுகிறது. அது 12-ஆம் பிரிவில் வரும் ஒரு உட்பிரிவு, அவ்வளவுதான். சட்டத்தின் பெரும்பகுதி அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது.

குழுவைப் பற்றிச் சொல்வது 21-ஆம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேர், அதில் 15 பெற்றோர் என்று வைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வரும் மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதிப் பரிந்துரைப்பது ஆகியவைதான் குழுவின் வேலை. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ குழுவால் முடியாது.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் பள்ளி மாதிரி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலரின் கீழ் வருவார்கள். கட்டடம் பழுதானால் பி.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது ஊரக வளர்ச்சித் துறை. மானியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும், அதற்கு வட்டார வள மையம். சத்துணவு சமூக நலத் துறை. இந்த ஏற்பாட்டைச் சட்டம் தொடவே இல்லை. எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு குழுவை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்தது.

கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் இதை நேரடியாகப் பார்த்தேன். தலைமை ஆசிரியை கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் அசையவில்லை. அப்புறம் குழுவில் தீர்மானம் போட்டு, அதை மேம்பாட்டுத் திட்டத்திலும் எழுதி, பள்ளிக் கல்வித் துறையின் செயலியிலும் பதிவேற்றினோம். 22-ஆம் பிரிவின்படி, அரசோ உள்ளாட்சி அமைப்போ ஒதுக்கும் மானியத்துக்கு இந்தத் திட்டம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும். தீர்மானத்தில் அந்தப் பிரிவு எண்ணையும் எழுதினோம். தாமதமாகத்தான் என்றாலும் தொட்டி வந்தது. கடிதத்துக்கு வராத பதில் தீர்மானத்துக்கு வந்தது.

ஆனால் கூட்டத்துக்கு யார் வர முடிகிறது? வேலை நாளில் பிற்பகல் கூட்டம் என்றால் கூலி வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அன்றைய சம்பளம் போச்சு. அப்படியே வந்தாலும் பலர் "டீச்சர், கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டுப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பே எழுதி வைத்த தீர்மானத்தை வாசித்துக் காட்டினால் வேறென்ன செய்வார்கள்?

குழுவைவிட நிர்வாகத்தை அதிகம் மாற்றியது சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணை என்பது என் கருத்து. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 என்று அது கணக்கு வைக்கிறது. மாவட்ட சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது, ஒவ்வொரு பள்ளியிலும் இந்த விகிதம் இருக்க வேண்டும் என்கிறது 25-ஆம் பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறதே தவிர வகுப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. அதனால் 50 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் பார்க்கிறார்கள், சட்டப்படி அதில் தவறே இல்லை. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்னதை அதிகாரிகள் உச்சவரம்பாகவே படிக்கிறார்கள். ஆகஸ்ட் மாத எண்ணிக்கையை வைத்து 'உபரி ஆசிரியர்' என்று கணக்கிட்டுப் பணி நிரவல் செய்வதும், அதாவது அவர்களை வேறு பள்ளிக்கு மாற்றுவதும், இந்தக் கணக்கில்தான்.

அதே அட்டவணையில் இன்னொரு வரி: 6 முதல் 8 வரை வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது இதையொட்டித்தான். அவர்களின் பணி நிரந்தரப் போராட்டச் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். 'பகுதி நேரம்' என்று சட்டத்தில் வந்துவிட்டது, ஊதியத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை.

பணத்துக்கு வருவோம். நிதி தருவது மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பு என்கிறது 7-ஆம் பிரிவு. ஆனால் பணம் சட்டத்தின் வழியாக வருவதில்லை, முன்பு சொன்ன ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக 60:40 பங்கில் (மத்திய அரசு 60, மாநிலம் 40) வருகிறது. திட்டம் என்றால் ஒப்பந்தம் உண்டு, நிபந்தனை உண்டு. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-இல் மத்தியப் பங்கு நிறுத்தப்பட்டது இதனால்தான் சாத்தியமானது. சட்டம் உரிமை என்று சொன்னதை ஒரு திட்ட ஒப்பந்தத்தை வைத்து நிறுத்த முடிகிறது. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த கூட்டத்துக்குப் போய் இந்த ஆண்டு மேம்பாட்டுத் திட்டத்தின் நகலையும் மானியச் செலவுக் கணக்கையும் கேளுங்கள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை 50,000 என்பது மானிய விதி. நீங்கள் கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.