டனல் அப், ட்ராஃபிக் மட்டும் வரவில்லை

கேள்வி: எங்கள் எம்.பி.எல்.எஸ். (பாக்கெட்டில் லேபிள் ஒட்டி வழிகாட்டும்) நெட்வொர்க்கில் ஹுவாவே ஸ்விட்ச்கள்தான் பி.ஈ.யாக, அதாவது வாடிக்கையாளர் பக்கம் இணையும் ஓரக் கருவியாக, இருக்கின்றன. குரல் அழைப்புக்கு ஒரு எல்3 வி.பி.என். (தனித்து இயங்கும் ஐபி வலை), அலுவலக டேட்டாவுக்கு இன்னொன்று. குரலுக்கென்று தனியாக ஒரு டி.ஈ. டனல் (ட்ராஃபிக் இன்ஜினியரிங், பாதையைத் திட்டமிட்டுப் போடுவது) போட்டேன், அப் என்றுதான் காட்டுகிறது, ஆனால் ட்ராஃபிக் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எங்கே கோளாறு?

பதில்: டனலில் கோளாறு இல்லை. அதில் போ என்று வி.பி.என்.னிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எந்த டனலில் போவது என்று சொல்லும் டனல் பாலிசி எதுவும் கொடுக்காவிட்டால் வி.பி.என். சாதாரண எல்.எஸ்.பி.யைத்தான் (லேபிள் வழியே போகும் பாதை) தேடும், பெரும்பாலும் லேபிள்களைத் தானாகப் பகிரும் எல்.டி.பி. புரோட்டோகால் போட்டு வைத்தது, அது கிடைத்ததும் அதிலேயே கிளம்பிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட டனல் காலியாகக் கிடக்கும்.

வழி இரண்டு. ஒன்று, வகைகளை வரிசைப்படுத்திச் சொல்வது: பாலிசிக்குள் 'டனல் செலக்ட்-சீக் சிஆர்-எல்எஸ்பி எல்எஸ்பி லோட்-பேலன்ஸ்-நம்பர் 1'. டி.ஈ. டனல் (கமாண்டில் சிஆர்-எல்எஸ்பி) இருந்தால் அது, இல்லையென்றால் எல்.எஸ்.பி. கடைசி எண், ட்ராஃபிக்கை எத்தனை டனலில் பிரிப்பது என்பது. ஆனால் எந்த டி.ஈ. டனல் என்பது உங்கள் கையில் இல்லை. இன்னொன்று, இந்த பி.ஈ.க்குப் போக இந்த டனல்தான் என்று கட்டிப்போடுவது: 'டனல் பைண்டிங் டெஸ்டினேஷன் 3.3.3.9 டிஈ டனல் 1'. இதற்கு முன்னாலேயே டனல் இன்டர்ஃபேஸில் 'எம்பிஎல்எஸ் டிஈ ரிசர்வ்ட்-ஃபார்-பைண்டிங்' கொடுத்திருக்க வேண்டும், பலரும் சறுக்குவது இங்கேதான். டெஸ்டினேஷனாகக் கொடுப்பது எதிர் பி.ஈ.யின் லூப்பேக் (கருவிக்குள்ளேயே இருக்கும் நிலையான முகவரி), அதாவது வி.பி.என். ரூட்டுக்கு பி.ஜி.பி. (ரூட்களைப் பரிமாறும் புரோட்டோகால்) காட்டும் நெக்ஸ்ட்-ஹாப். ஒரே பாலிசிக்குள் இரண்டு வழியையும் கலக்க முடியாது.

குரலுக்கு நான் பைண்டிங்கைத்தான் சொல்வேன். அப்படி ரிசர்வ் செய்த டனலை, வரிசை முறையில் தேடும் மற்ற வி.பி.என்.கள் தொடவே தொடாது. கடைசியாக, வி.பி.என். இன்ஸ்டன்ஸுக்குள் ஐபிவி4 ஃபேமிலியில் 'டிஎன்எல்-பாலிசி' என்று பாலிசியின் பெயரைக் கொடுங்கள். இதை மறந்தால் மேலே செய்ததெல்லாம் வீண்.

கேள்வி: வரிசை முறையில் லோட்-பேலன்ஸ்-நம்பர் 2 என்று கொடுத்தேன். டி.ஈ. டனல் ஒன்றுதான் உண்டு. இப்போது சில அழைப்புகள் சுத்தமாக இருக்கின்றன, சில விட்டுவிட்டுக் கேட்கின்றன. சம்பந்தம் இருக்குமா?

பதில்: நிறையவே இருக்கலாம். இரண்டு டனல் வேண்டும் என்று கேட்டீர்கள். முதல் வகையில் ஒன்றுதான் கிடைத்தது, அதனால் மீதி ஒன்றை வரிசையில் அடுத்திருக்கும் எல்.எஸ்.பி.யிலிருந்து எடுத்துக்கொண்டது. அழைப்புகளில் ஒரு பங்கு டி.ஈ. பாதையிலும் ஒரு பங்கு நெரிசலான சாதாரணப் பாதையிலும் போகிறது. எண்ணை 1 ஆக்கிவிட்டு 'டிஸ்ப்ளே ஐபி ரவுட்டிங்-டேபிள் விபிஎன்-இன்ஸ்டன்ஸ்' கமாண்டை வெர்போஸ் சேர்த்துப் போடுங்கள், ரூட் எந்த டனலைப் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: பைண்ட் செய்த டனல் விழுந்துவிட்டால்?

பதில்: வேறு ஏற்பாடு இல்லையென்றால் அந்த பி.ஈ.க்குப் போகும் வி.பி.என். ட்ராஃபிக் நின்றுவிடும், பக்கத்தில் நல்ல எல்.எஸ்.பி. இருந்தாலும் சரி. பைண்டிங் வரியின் கடைசியில் 'டவுன்-ஸ்விட்ச்' சேர்த்தால் வேறு டனலுக்கு மாறிக்கொள்ளும். சிஸ்கோவில் சூடோவயருக்கு (எம்.பி.எல்.எஸ். மேல் போடும் எல்2 இணைப்பு) இது நேர்தலைகீழ்: ப்ரிஃபர்ட்-பாத் விழுந்தால் தானாக மாறும், வேண்டாம் என்றால்தான் 'டிஸேபிள்-ஃபால்பேக்' போட வேண்டும். குரலுக்கு டவுன்-ஸ்விட்ச் போடுங்கள், சுமாரான பாதையில் பேசுவது பேச்சே இல்லாமல் போவதைவிடத் தேவலை. குறிப்பிட்ட பாதையைத் தவிர வேறெங்கும் போகவே கூடாது என்ற கட்டாயமுள்ள வி.பி.என்.னுக்கு மட்டும் அதைப் போடாமல் விட்டுவிடலாம்.

அப்புறம், டி.ஈ. டனல் ஒருவழிப் பாதை. எதிர் பி.ஈ.யிலும் ஒரு டனல், ஒரு பாலிசி போட்டீர்களா? கேள்விகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.